கோழிச் சண்டையும் குட்டி யானையும்

மோட்டார் வண்டியை எளியவனுக்கும் எட்டச் செய்தவர்கள் நாங்களே என்று பெருமை பேசும் நாடு அமெரிக்கா. சுதந்திரச் சந்தையின் மகிமையை உலகுக்கு ஓதுவதில் அந்நாட்டுக்கு நிகர் வேறில்லை. அத்தகைய நாட்டில் உழவன் ஒருவன் வண்டிக் கடைக்குச் சென்று, "எனக்குப் பெரிய வண்டி வேண்டாம், டீசலில் ஓடக்கூடிய சின்னஞ்சிறு சரக்கு வண்டி, புதிதாக ஒன்று வேண்டும்" என்று கேட்டால், கடைக்காரர் கைவிரிக்கிறார். திண்டிவனத்து உழவனுக்குக் கிடைக்கும் பொருள் டெக்சாஸ் உழவனுக்குக் கிடைக்கவில்லை! விழுப்புரத்தில் கடன்பட்டாவது வாங்கக்கூடிய வண்டியை, வாஷிங்டனில் கை நிறைய டாலர் வைத்திருப்பவனும் வாங்க முடியவில்லை!

விந்தை என்பீர்கள், தோழர்களே. விந்தைதான். ஆனால் அந்த விந்தைக்குப் பின்னே ஒரு வித்தை இருக்கிறது. யார் செய்த வித்தை, யாருக்காகச் செய்த வித்தை என்பதை அறிந்து கொள்வது, அமெரிக்காவுக்கு எப்படியோ, நமக்கு மிகவும் பயன்படும்.

முதலில் நம் பக்கத்து நிலையைப் பார்ப்போம். திண்டிவனத்தில் பெருஞ்சாலை கிளை பிரிகிறது. ஒன்று புதுவைக்கு, ஒன்று விழுப்புரம் வழியே திருச்சிக்கு, மற்றொன்று செஞ்சி வழியே திருவண்ணாமலைக்கு. இந்தச் சாலைகளில் மல்லாட்டை மூட்டைகளை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டு செல்வது எது? மரக்காணத்து உப்பையும், கோடையிலே தர்ப்பூசணியையும், சவுக்குக் கழிகளையும், மாட்டுத் தீவனத்தையும், மணவீட்டுப் பந்தல் சாமான்களையும் சுமப்பது எது? சின்னஞ்சிறு டீசல் வண்டிதான். 2005 மே மாதத்தில் டாட்டா நிறுவனம் "ஏஸ்" என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. நம் மக்களோ அதற்குத் தாங்களே ஒரு பெயர் சூட்டினார்கள். "குட்டி யானை" என்றார்கள்! இரண்டே சிலிண்டர், 16 குதிரைத்திறன், முக்கால் டன் பாரம். தோற்றத்திலே குட்டி, உழைப்பிலே யானை. 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் "தோஸ்த்" வந்து சேர்ந்தது. மகிந்திராவின் பிக்கப் வண்டிகளும் இதே சாலைகளில் ஓடுகின்றன.

இவ்வண்டிகளால் விளைந்த நன்மை என்ன? அரை டன் சரக்குக்காக முழு லாரியை வாடகைக்குப் பிடிக்க வேண்டிய தொல்லை குறைந்தது. முதலாளியிடம் கூலிக்கு வண்டியோட்டியவன், தவணைக் கடன் பெற்றுத் தானே உரிமையாளனாக முடிந்தது. ஒரு வண்டி, ஒரு குடும்பத்தின் பிழைப்பு. இதுதான் குட்டி யானையின் பொருளாதாரம்.

இத்தகைய வண்டி அமெரிக்காவிலே ஏன் இல்லை? விருப்பம் இல்லாமலா? 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும், எண்ணெய் விலை ஏறியிருந்த காலத்தில், இசுசு, டொயோட்டா, டாட்சன் ஆகியவற்றின் சிறு டீசல் பிக்கப்புகள் அங்கே விற்றன. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் பென்சில்வேனியாவிலேயே ஆலை அமைத்துச் சிறு டீசல் பிக்கப் செய்தது. பின்னர் எண்ணெய் விலை சரிந்தது; அவ்வண்டிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மீண்டும் எண்ணெய் விலை ஏறியபோது அவை ஏன் திரும்பி வரவில்லை? வாயிலில் சுவர் நின்றது. அந்தச் சுவர் எழுந்த கதையில்தான் கோழி வருகிறது!

ஆம், கோழிதான்! அமெரிக்காவின் பெரும் பண்ணைகளிலிருந்து மலிவான உறைகோழி கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குச் சென்றது. மேற்கு ஜெர்மனியிலும் பிற நாடுகளிலும் கோழி வளர்த்தவர்கள் குமுறினார்கள். 1962இல் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் கோழிக்கான இறக்குமதி வரியை உயர்த்தின. அமெரிக்கப் பண்ணை முதலாளிகள் கொதித்தெழுந்தனர். வழக்கு காட் எனப்படும் உலக வாணிப ஒப்பந்த அமைப்புக்குச் சென்றது. அமெரிக்காவுக்கு ஏற்பட்ட இழப்பு 2 கோடியே 60 இலட்சம் டாலர் என அங்கே கணக்கிடப்பட்டது.

லிண்டன் ஜான்சன் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 1963 டிசம்பர் 4ஆம் நாள் பதிலடி ஆணையில் கையொப்பமிட்டார். உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சிறு சரக்கு வண்டி ஆகிய நான்கின்மீதும் வரி ஏறியது. சரக்கு வண்டிக்கு 25 விழுக்காடு! 1964 ஜனவரி 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கோழிக்கும் சரக்கு வண்டிக்கும் என்ன உறவு? மேற்கு ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வண்டிகள் அமெரிக்கச் சந்தையில் புகுந்து கொண்டிருந்தன. டெட்ராய்ட் முதலாளிகளுக்கு அது உறுத்தியது. வால்டர் ராய்தர் தலைமையில் இருந்த மோட்டார்த் தொழிலாளர் சங்கமும் இறக்குமதியைக் கட்டுப்படுத்த வேண்டுமெனக் கேட்டது. கோழிச் சண்டை அதற்கு வாய்ப்பாக அமைந்தது.

பின்னர் மாவுக்கு விதித்த வரி நீங்கிற்று, டெக்ஸ்ட்ரினுக்கு நீங்கிற்று, பிராந்திக்கும் நீங்கிற்று. மூட்டிய சண்டை முடிந்து, சண்டையிட்டவர்களும் மறைந்துவிட்டார்கள். சரக்கு வண்டி மீது விதித்த வரி மட்டும் அறுபது ஆண்டுகளைக் கடந்து நின்றது!

அதன் சுமையைக் கணக்கிட்டுப் பாருங்கள். நெடுங்காலமாக அந்நாட்டில் பயணிகள் காருக்கு இறக்குமதி வரி 2.5 விழுக்காடு, சரக்கு வண்டிக்கு 25 விழுக்காடு. 10 இலட்சம் ரூபாய் பெறுமான காருக்கு 25 ஆயிரம் ரூபாய் வரி; அதே விலையுள்ள சரக்கு வண்டிக்கோ இரண்டரை இலட்சம்! மலிவுதானே சிறு வண்டியின் உயிர்? அந்த உயிரிலேயே கை வைத்தது வரி.

இதன் விளைவை நம் ஊர்ச் சாலையிலேயே காணலாம். சென்னையிலிருந்து திண்டிவனம் வரும் வழியில் மறைமலை நகரில் போர்டு தொழிற்சாலை இருக்கிறது. அங்கே நம் தொழிலாளர்கள் செய்த "எக்கோஸ்போர்ட்" கார், 2018இல் அமெரிக்கச் சந்தைக்குச் சென்றது. கார் என்பதால் 2.5 விழுக்காட்டு வாயில் வழியே நுழைய முடிந்தது. அதே கைகள் சரக்கு வண்டி ஒன்றைச் செய்து அனுப்பியிருந்தால், 25 விழுக்காட்டுச் சுவரில் மோதியிருக்கும். நம் தொழிலாளியின் திறமை பத்து மடங்கு குறைந்துவிட்டதா? இல்லை. கடல் கடந்த ஒரு கோழிச் சண்டை, இங்குள்ள ஆலை எதைச் செய்யலாம் என்பதை அங்கிருந்தே தீர்மானித்தது!

சுவரால் ஆதாயம் பெற்றவர்களாவது அதற்கு மரியாதை காட்டினார்களா? அதே போர்டு நிறுவனம் துருக்கியில் செய்த சரக்கு வேன்களில் பின் இருக்கைகளைப் பொருத்தி, "இவை பயணிகள் வண்டிகள்" என்று சொல்லி அமெரிக்காவுக்குள் கொண்டு வந்தது. துறைமுகத்தில் இறங்கியதும் இருக்கைகளைக் கழற்றியது! வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2024இல் 36 கோடியே 50 இலட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு அதை முடித்துக் கொண்டார்கள். சட்டம் ஏழைக்குச் சுவர், வலியவனுக்கு வேலிச்சந்து.

வரி ஒன்றே காரணம் என்று சொல்லி முடித்தால் அது அரை உண்மையாகும். டீசல் புகையின் நைட்ரஜன் நச்சுக்கு அந்நாடு கடுமையான வரம்பு விதித்தது. காற்றைக் காக்கும் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டோம். 2015இல் ஃபோக்ஸ்வாகனின் புகைச் சோதனை மோசடி அம்பலமானது. டீசலின் பெயர் மேலும் கெட்டது. இன்னொரு விதியோ வேடிக்கையானது. சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பு பெரிதாக இருந்தால், எரிபொருள் சிக்கன இலக்கு தளர்கிறது. சிறிதாக இருந்தால் இறுகுகிறது! சிக்கனத்துக்காகப் போட்ட சட்டம் பெரிய வண்டிக்குச் சலுகை தருகிறது. 2011இல் போர்டு தன் பழைய சிறு "ரேஞ்சர்" பிக்கப்பை அமெரிக்காவில் நிறுத்திவிட்டது. பெரிய வண்டி விற்றால் பெரிய ஆதாயம். சிறிய வண்டிக்காக ஏன் மெனக்கெட வேண்டும்?

மகிந்திரா நிறுவனம் 2006 முதல் தன் டீசல் பிக்கப்பை அமெரிக்காவில் விற்க முயன்றது. 2010இல் புகைச் சான்றும் கிடைத்தது. ஆயினும் அமெரிக்க விநியோகக் கூட்டாளியுடன் பூசல் மூண்டு, அந்த பிக்கப் விற்பனைக்கே வரவில்லை. 2018இல் மிச்சிகன் மாநிலத்தில் அது "ராக்சர்" என்ற டீசல் வண்டியைச் செய்தது. அதுவும் பண்ணைக்குள் ஓடுவதற்காகவே செய்யப்பட்டது, சாலைக்காக அல்ல. சிறு வண்டியை நாடும் அமெரிக்கர்கள், ஜப்பானில் 25 ஆண்டு ஓடித் தேய்ந்த குட்டி லாரிகளைத் தருவித்துக் கொள்கிறார்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்த வயதைத் தாண்டிய வண்டிக்குத்தான் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு. புதியதற்குத் தடை, கிழத்துக்கு வரவேற்பு!

அப்படியானால் காப்பு வரியே கூடாதா என்று சிலர் கேட்கக் கூடும். கூடாது என்று நாம் சொல்லவில்லை. 1950களில் இந்திய அரசு, உதிரிப் பாகங்களைக் கொண்டு வந்து பூட்டி விற்கும் அந்நிய நிறுவனங்களைப் பார்த்து, "இங்கேயே உற்பத்தி செய்க, இல்லையேல் வெளியேறுக" என்றது. போர்டும் ஜெனரல் மோட்டார்சும் வெளியேறின. எண்ணூரில் அசோக் லேலண்டும், ஜாம்ஷெட்பூரில் டாட்டாவும் லாரித் தொழிலில் வேரூன்றின. அந்த வேரிலிருந்து முளைத்தவைதாம் ஏசும் தோஸ்தும். செடிக்கு வேலி வேண்டும். ஆனால் ஆலமரமான பின்னும் வேலியைப் பெரிதாக்கிக் கொண்டே போனால், வழிப்போக்கனுக்கு நிழல் கிடைக்குமா? காப்பு வரிக்குக் காலக்கெடு வேண்டும், கணக்கு வேண்டும். அது தொழிலாளிக்குச் சோறு போடுகிறதா, முதலாளிக்கு ஆதாயம் மட்டும் சேர்க்கிறதா என்ற ஆய்வு வேண்டும்.

இதை ஏதோ அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 புகை விதி இங்கே வந்தது. புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளால் டீசல் வண்டியின் விலை ஏறியது. மாருதி நிறுவனம் டீசல் கார்களையே கைவிட்டது. சிறு டீசல் சரக்கு வண்டி இன்னும் கிடைக்கிறது. மின்சாரக் குட்டி யானையும் 2022இல் அறிமுகமாயிற்று. காற்றும் தூய்மையாக வேண்டும், அந்தக் குடும்பமும் பிழைக்க வேண்டும். பழைய வண்டியை மாற்று என்று ஆணையிடுவோர், மாற்றுவதற்குக் குறைந்த வட்டியில் கடன் தர வேண்டும். மின்வண்டி வாங்கு என்போர், செஞ்சிச் சாலையிலும் மரக்காணத்திலும் மின்னேற்று நிலையம் வைக்க வேண்டும். இவை இல்லாமல் விதி மட்டும் வருமானால், அதன் சுமை விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் காசை எண்ணிக் கொடுத்துவிட்டுச் செல்லும் அந்த ஓட்டுநர் தலையில்தான் விழும்.

எனவே, தோழர்களே, எந்த வரி வந்தாலும், எந்த விதி வந்தாலும், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதைக் கேட்டவர் யார்? இதனால் பிழைப்பவர் யார்? இது என்று முடியும்? தெருமுனைக் கூட்டத்தில் கேளுங்கள்; ஊராட்சிக் கூட்டத்தில் கேளுங்கள்; சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கேட்கச் செய்யுங்கள். உரிய காலத்தில் அமெரிக்க மக்கள் கேட்கத் தவறினார்கள். அதனால் ஒரு கோழிச் சண்டைக்கு அறுபது ஆண்டு வாடகை செலுத்தினார்கள். நம் குட்டி யானைக்கு அந்தக் கதி நேராமல் காப்பது நம் கடமை!