வஞ்சித்தவர் யார்?

செசில் பி. டெமில் 1915-ஆம் ஆண்டில் இயக்கிய 'தி சீட்' என்னும் பேசாப் படத்தைத் திரைவரலாற்று நூல்கள் இன்றும் போற்றுகின்றன. ஒளியையும் இருளையும் அது கையாண்ட திறத்தை நாமும் மறுக்கவில்லை. ஆனால் 'வஞ்சிப்பவர்' எனப் பொருள்படும் அத்தலைப்பு யாரைச் சுட்டுகிறது என்னும் கேள்விக்கு அப்படம் நேர்மையான விடை தரவில்லை என்பதே நமது வாதம்.

ஆடம்பரத்தில் ஊறிய ஈடித், செஞ்சிலுவைச் சங்க நிதியொன்றின் பொருளாளர். கணவர் ரிச்சர்டின் பணமோ பங்குச் சந்தையில் முடங்கியிருக்கிறது. போர் அகதிகளுக்கெனச் சேர்ந்த 10,000 டாலரை அவள் நண்பரொருவர் பேச்சை நம்பிப் பங்குகளில் இட்டு இழக்கிறாள். செல்வந்தரான கீழைநாட்டுத் தந்த வணிகர் அத்தொகையைத் தருகிறார். விலையாக அவளையே கேட்கிறார். அதற்குள் கணவரின் பங்குகள் ஏறிவிடுகின்றன. சீட்டாட்டத்தில் தோற்றதாகப் பொய் கூறி, அவரிடம் பெற்ற பணத்தோடு அவள் செல்ல, வணிகர் அதை மறுத்துத் தம் உடைமைகளுக்கு இடும் சூட்டு முத்திரையை அவள் தோளில் பதிக்கிறார். அவள் அவரைச் சுடுகிறாள். பழியைக் கணவர் ஏற்கிறார். நீதிமன்றத்தில் அவள் தழும்பைக் காட்டியதும் கூட்டம் வணிகர்மேல் பாய்கிறது. கணவர் விடுதலையாகிறார், தம்பதியர் வெற்றியோடு வெளியேறுகின்றனர்.

வணிகரின் கொடுமைக்கு மன்னிப்பில்லை. ஆனால் அகதிகளின் பணத்துக்கு முடிவில் கணக்குக் கேட்டவர் யார்? "தொகைதான் ஈடாகிவிட்டதே" என்பர் சிலர். சந்தை ஏறியதால் களவு களவல்லாமல் போகுமா? இறங்கியிருந்தால் என்ன சொல்லியிருப்பர்? கணவனும் பங்குகளில் பணமிட்டான், மனைவியும் இட்டாள். அவனுடையது சொந்தப் பணம். அவளுடையது ஏழையின் பணம். இந்த வேறுபாடே கதையின் உயிர்நாடி. படமோ அவளது பட்டாடை மோகத்தைக் கடிந்துவிட்டு, நம்பிக்கைத் துரோகத்தைக் கடந்துசெல்கிறது. சக்கேயு தன் கையிலிருந்தே நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். ஈடித்தின் கையிலிருந்து ஒரு காசும் செல்லவில்லை.

தப்பிய பழி எங்கே போயிற்று? அந்நியன் தலையில் இறங்கிற்று. 1915-இல் அவ்வணிகர் ஜப்பானியர். நடித்தவர் செசூ ஹயகாவா. அமெரிக்காவாழ் ஜப்பானியர் கண்டித்தனர். ஜப்பானும் போரில் நேசநாடு. எனவே 1918-இல் மறுவெளியீட்டின்போது எழுத்து அட்டைகளை மாற்றி, அவரைப் பர்மியராக்கினர். அன்று பர்மாவுக்காகப் பேசத் தனி அரசு இல்லை. காட்சி மாறவில்லை, பழி சுமக்கும் நாடு மட்டுமே மாறியது.

பொதுநிதி காக்கும் பொறுப்பு நம்முள்ளும் பலருக்கு உண்டு. ஈடித்தின் தோள் தழும்புக்காக அம்மன்றம் கொதித்தெழுந்தது சரியே. அகதியின் வெறுங்கையைக் கண்டு கொதிக்க அங்கு ஒருவரும் இல்லை. அந்த அகதிக்காக நாமாவது கணக்குக் கேட்போம்.