வால்வுக்குக் காசா, இரும்புக்குக் காசா?

போன வாரம் பழைய அலுவலக நண்பர் ஒருவர் போன் செய்தார். "வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்க ஆசை, ஓய். நல்ல கம்பெனி என்றால் லட்சத்துக்கு மேல் சொல்கிறான். இணையத்தில் எட்டாயிரத்துக்கு ஒன்று இருக்கிறதே, போட்டுவிடட்டுமா?"

"வேண்டாம் ஓய்" என்றேன். ஏன் என்று இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் தலைமுறைக்கு வால்வு புதிதில்லை. அப்பாவின் ரேடியோ போட்டவுடன் பாடாது. அரை நிமிஷம் சூடாகும், பச்சைக் கண் மெல்ல விழிக்கும், பிறகுதான் இலங்கை வானொலி. ஓய்வு பெற்றதும் அந்தக் குரல் மறுபடி வீட்டில் கேட்க வேண்டும் என்று எனக்கும் ஆசை வந்தது. நண்பர் சொன்ன மாதிரியே ஒன்றை இணையத்தில் வாங்கினேன். மேலே இரண்டு கண்ணாடிக் குழாய், ஆரஞ்சு வெளிச்சம், புளூடூத். ஆறே மாதத்தில் ஒரு பக்கம் ஊமை. திறந்து பார்த்த மெக்கானிக் சிரித்தார். ஸ்பீக்கரை ஓட்டியது ஒரு சின்ன ஐ.சி. வால்வுக்கு முன்வரிசையில் பேருக்கு ஒரு வேலை. அந்த ஆரஞ்சு வெளிச்சம் அடியில் ஒட்டிய எல்.இ.டி!

அதிலிருந்து நான் கற்றது: கண்ணாடியைப் பார்க்காதீர்கள், தூக்கிப் பாருங்கள். வழக்கமான முழு வால்வு ஸ்டீரியோவில் மின்சாரத்துக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கும். இ.எல். 84 என்ற வால்வு சுமார் 5,000 ஓம் சுமை கேட்கும். ஸ்பீக்கரோ 8 ஓம். நடுவில் நின்று 25க்கு 1 என்ற சுற்றுக் கணக்கில் இருவரையும் சேர்த்துவைப்பது அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர். அதில் இரும்பைக் குறைத்தால் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும். சுற்று சரியில்லை என்றால் தம்புராவின் ஜீவன் போய்விடும். காசு போக வேண்டிய இடம் அதுதான்.

அதனால்தான் நான் சிறு தயாரிப்பாளர் பக்கம். என்னுடையதைச் செய்து கொடுத்தவர் கோவைக்காரர். மோட்டார் காயில் கட்டிய கை. வீட்டு மாடியில் வருஷத்துக்கு ஐந்தாறு செய்கிறார். சாதாரண இரும்புப் பெட்டி, விலை முப்பத்திரண்டாயிரம். பேரம் பேசினேன். "குறைக்கணும்னா ட்ரான்ஸ்ஃபார்மர்லதான் சார் குறைக்கணும். அப்புறம் இத நீங்க ஏன் வாங்கணும்?" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. பெரிய கடையில் ஒட்டியிருக்கும் விலையைப் பேசாமல் கொடுக்கிறோம். கையால் செய்பவரிடம்தான் நம் சாமர்த்தியம் எல்லாம்.

"இவ்வளவு பணத்துக்கு நாலு வாட்டா?" என்றாள் மனைவி. நாலை எட்டாக்கினாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். ஒரு வாட்டுக்கு 90 டெசிபலுக்கு மேல் தரும் ஸ்பீக்கராகப் பார்த்து வாங்கினால் ஹாலுக்கு நாலு வாட் தாராளம். இப்போது அவளே காலையில் எம்.எஸ். போடுகிறாள்.

சிறு தயாரிப்பாளரிடம் வாங்குவதில் சங்கடமும் உண்டு. சர்வீஸ் சென்டர் கிடையாது. எனவே சர்க்யூட் படத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இ.எல். 84, இ.சி.சி. 83 போல இன்றும் தயாராகும் வால்வுகளே இருக்கட்டும். ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவிலிருந்து வருகின்றன. பேரக்குழந்தைகள் வரும் வீடானால் மேலே கம்பிக் கூடு அவசியம். உள்ளே 300 வோல்ட் வரை ஓடும். அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். நாமே திறந்து நோண்டக் கூடாது.

நண்பர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். கோவைக்காரருக்கு என் வயது. கூட நின்று கற்றுக்கொள்ள ஆள் இல்லை. ரொம்ப நாள் யோசிக்காதீர் என்று சொல்லியிருக்கிறேன்.