சொட்டுற குழாய்க்கு வாளி வைக்காதீங்க!

"என்ன டாக்டர், சித்த வைத்தியம் எழுதுவீங்கன்னு பார்த்தா பாத்ரூம் குழாயைப் பத்தி எழுதறீங்களே?" என்று நீங்கள் கேட்கலாம். சித்த மருத்துவப் படிப்பில் நோயணுகா விதி என்றே ஒரு பாடம் உண்டு. வந்த நோய்க்கு மருந்து கொடுப்பது இரண்டாவது வேலை. வராமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. அந்தக் கணக்கில், உங்கள் வீட்டு ஷவருக்குக் கீழே சொட்டிக்கொண்டிருக்கும் குழாயும் என் இலாகாதான்!

2012-ல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீருக்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். இன்றைக்கும் மழைக்காலம் வந்துவிட்டால் நிலவேம்புப் பொட்டலம் வாங்காத வீடு குறைவு. நல்ல விஷயம்தான். ஆனால் அதே வீட்டுக் குளியலறையில், ஒழுகுகிற குழாய்க்கு அடியில் ஒரு வாளி நாள் கணக்கில் நகராமல் இருந்தால் என்ன பிரயோஜனம்? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். தேங்கிய நல்ல தண்ணீரே போதும். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. முட்டை வாளியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவியே ஆகவேண்டும்.

"வீணாகக்கூடாதுன்னுதானே வாளி வைக்கிறோம்" என்பீர்கள். நியாயம்தான். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. மருந்துக் கணக்கில் 20 சொட்டு ஒரு மில்லி. அப்படிப் பார்த்தாலே தினம் 4 லிட்டர், வருஷத்துக்கு 1,500 லிட்டருக்கு மேல். குழாய்ச் சொட்டு மருந்துச் சொட்டைவிடப் பெரிசு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்! பிடித்த தண்ணீரை அன்றன்றைக்கே செலவழித்துவிட்டால் தப்பில்லை. ஆனால் ரிப்பேர் செய்யாமலிருக்க வாளி ஒரு சாக்காகிவிடக்கூடாது.

கொசு ஒரு பக்கம் இருக்கட்டும். எப்போதும் ஈரமாக இருக்கும் தரையில் பாசி பிடிக்கும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் அதில் தாத்தா, பாட்டி கால் வைத்தால் என்ன ஆகும்? எழுபது வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் வீடே முடங்கிப்போகும். சுவரில் ஓதம் ஏறிப் பூஞ்சை பிடித்தால், இழுப்பு உள்ள குழந்தைக்குத் தொந்தரவு அதிகமாகும். இத்தனைக்கும் காரணம், பல வீடுகளில் தேய்ந்துபோன ஒரு சின்ன ரப்பர் வளையம்!

தண்ணீரைக் கீழ்க்குழாய்க்கோ மேலே ஷவருக்கோ திருப்பிவிடும் சாதனத்துக்கு டைவர்ட்டர் என்று பெயர். போர்வெல் தண்ணீரில் உள்ள உப்பு அதற்குள் படியும், ரப்பர் தேயும். பிறகு வழி சரியாக அடைபடாது. மருந்துக்கு முன்னால் நாடி பார்க்கிற மாதிரி, இதையும் முதலில் சோதியுங்கள்.

ஷவரைத் திறந்திருக்கும்போது கீழ்க்குழாயிலும் தண்ணீர் கொட்டுகிறதா? கோளாறு டைவர்ட்டரில். மூடிய பிறகு ஷவர் சில நிமிஷம் சொட்டி நின்றுவிடுகிறதா? அது குழாயில் மிச்சமிருந்த தண்ணீர், பயம் வேண்டாம். நிற்காமல் சொட்டினால் மூடுகிற வாஷரோ கார்ட்ரிட்ஜோ தேய்ந்திருக்கிறது. கீஸருக்குப் போகும் வால்வை மூடியதும் சொட்டு நின்றால், கோளாறு வெந்நீர்ப் பக்கம்.

கை வேலை தெரிந்தவர்கள் நீங்களே சரி பார்க்கலாம். முதலில் கீஸர் சுவிட்சை அணையுங்கள். பாத்ரூம் லைன் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். தரை ஜாலியைத் துணியால் மூடினால் ஸ்க்ரூ உள்ளே விழாது. கைப்பிடி மூடியை நெம்பி, உள்ளே இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, கைப்பிடியை எடுத்தால் கார்ட்ரிட்ஜ் தெரியும். எது எதற்குப் பின் இருந்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பேனரால் நட்டைத் திருகி வெளியே எடுங்கள். உப்பு மட்டும்தான் என்றால், வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும். ரப்பர் தேய்ந்திருந்தால் பழசைக் கையோடு ஹார்டுவேர் கடைக்கு எடுத்துப் போய் அதே கம்பெனி, அதே அளவு வாங்குங்கள். ஒன்றுக்கொன்று பொருந்தாது. புது வளையத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். சிலவகை ரப்பரை எண்ணெய் ஊதவைத்துவிடும். சிலிக்கான் கிரீஸ்தான் சரி. எண்ணெய் உங்கள் தலைக்கு மட்டும் இருக்கட்டும்!

உப்பு போக ஆசிட் ஊற்றுவது வேண்டவே வேண்டாம். முலாமும் ரப்பரும் கெடும். அதோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

நட்டு இறுகிப்போயிருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள். சுவருக்குள் இருக்கும் குழாய் முறுக்கிக்கொள்ளும். மாற்றின பிறகும் சுவர் ஈரம் காயவில்லை என்றால் கசிவு உள்ளே இருக்கிறது. பிளம்பரைக் கூப்பிட்டுவிடுங்கள். ஈரம் கீஸர் சுவிட்ச் பக்கம் என்றால், மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். காய்ச்சல் வந்தால் கஷாயம் மட்டும் குடித்துக்கொண்டு வீட்டில் காத்திருக்காதீர்கள். ரத்தப் பரிசோதனை அவசியம். டெங்கு சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் மாத்திரைகளைத் தொடக்கூடாது. விடாத வாந்தி, வயிற்றுவலி, ரத்தக்கசிவு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.

மருந்துக்கும் டானிக்குக்கும் கணக்குப் பார்க்காமல் செலவு செய்கிறோம். ரப்பர் வளையம் வாங்க மட்டும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிறோம். கொசு அடுத்த வாரம் வரை காத்திருக்காது, ஐயா. இந்த ஞாயிற்றுக்கிழமை டி.வி.யை ஒரு மணி நேரம் அணைத்துவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுங்கள். அதுவும் வைத்தியம்தான்!