மருமகளுக்கு எத்தனை தட்டு?



சீர்வரிசையில் பீரோ கேட்டு வாங்குகிறோம். வந்த மறுவாரமே அதில் வீட்டுப் பத்திரமும் மாமியாரின் பட்டுச்சேலைகளும் ஏறிவிடுகின்றன. கொண்டுவந்த பெண்ணுக்கு ஒரே ஒரு தட்டு. மீதித் துணி கட்டிலுக்கடியில் சூட்கேஸில்!

கேட்டால் "இடம் இல்லை" என்கிறார்கள். இருபது வருடமாக யாரும் உடுத்தாத சேலைக்கு மட்டும் இடம் எங்கிருந்து வந்தது?

2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், புகுந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தந்திருக்கிறது. பீரோத் தட்டுக்கெல்லாம் சட்டம் வராது. அதை நாம்தான் தரவேண்டும்.

பெட்டியில் துணி வைத்திருப்பவர் விருந்தாளி. வருடக்கணக்கில் அப்படியே வைத்துவிட்டு, "மருமகள் ஒட்டவில்லை" என்று குறைசொல்வது நியாயமா?

இந்த ஞாயிறு பீரோவில் பாதியைக் காலி செய்யுங்கள். சாவியையும் அவளிடமே கொடுங்கள்.