அடங்காத சாளரம்

கணிப்பொறித் திரையிலோ கைப்பேசித் திரையிலோ ஒரு வேலையைத் தொடங்கினால் ஒரு கட்டம் திறந்துகொள்கிறது. அதனைச் சாளரம் என்று வழங்குகின்றனர். வீட்டுச் சாளரத்தைக் கொத்தனார் சுவரைப் பார்த்து, அளவெடுத்து, அதன்பின் வைப்பார். கணிப்பொறிச் சாளரத்தை அமைக்கும் பொறியாளருக்கோ நம் வீட்டுச் சுவர் எத்தனை அகலம் என்பது தெரியாது. தம் மேசைமேல் உள்ள பெரிய திரையைப் போலவே எல்லார் திரையும் இருக்கும் என்று எண்ணி, நீள அகலங்களை மாறாத எண்களாக எழுதிவிடுகிறார் சிலர். அத்தகைய சாளரத்தை இழுத்துச் சிறிதாக்கவும் இயலாது, பெரிதாக்கவும் இயலாது. நம் சிறிய திரையில் அது திறக்கும்போது தலைப்பு தெரியும், நடுப்பகுதி தெரியும், அடியில் உள்ள 'சமர்ப்பிக்கவும்' என்னும் பொத்தான் மட்டும் திரைக்குக் கீழே எங்கோ போய்விடும். இத்திங்கள் இப்பகுதியில் அந்தப் பொத்தானைப் பற்றியே எழுத விரும்புகிறோம்.

இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இது முற்றிலும் புதிய காட்சியன்று. சிறு நிலையங்களில் நடைமேடை குட்டையாக இருக்கும். வண்டி நீளமாக வந்து நிற்கும். கடைசிப் பெட்டிகள் நடைமேடையைத் தாண்டி, கருங்கல் சல்லிக்கு மேலே நிற்கும். அப்பெட்டியிலுள்ள மூதாட்டி இறங்க முடியாமல் தவித்தால், அஃது அவர் முழங்காலின் குற்றம் என்று எவரும் சொல்லமாட்டார். நடைமேடையை நீட்டித் தருக என்றுதான் மனு எழுதுவோம். கணிப்பொறி என்று வந்துவிட்டால் மட்டும் நம்மவர் வேறு விதமாக நடந்துகொள்கின்றனர். பொத்தானைக் காணவில்லையென்றால், 'எனக்குப் படிப்புப் போதாது' என்று தம்மையே நொந்துகொள்கின்றனர்.

மட்டாஞ்சேரியில் நம் தெருவில் ஓர் அம்மையார் இருக்கிறார். கணவரை இழந்தவர், துணி தேய்த்துக் குடும்பம் நடத்துகிறார். மகனுடைய கல்வி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த கருவி, தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவருடைய அண்ணன் மகன் பெற்றது. பையன் எல்லாக் கேள்விகளுக்கும் விடை நிரப்பிவிட்டான். கடைசியில் உறுதிமொழிச் சாளரம் ஒன்று திறந்தது. அதில் உறுதிமொழி இருந்தது; ஒப்புக்கொள்ளும் பொத்தான் இல்லை. மூன்று முறை பக்கத்தைப் புதுப்பித்தான். மூன்று முறையும் நிரப்பியவை அழிந்தன. விண்ணப்பம் நிரப்பித் தரும் கடையும் மூடிவிட்டது. அன்று நள்ளிரவோடு காலக்கெடு முடிகிறது. இரவு ஒன்பதரை மணிக்கு மடிக்கணிப்பொறியை ஒரு துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு இருவரும் நம் வீட்டுக்கு வந்தனர். "நாலு எழுத்துப் படித்திருந்தால் எனக்கு இப்படி நேருமா தம்பி?" என்றார் அம்மையார்.

நாம் பார்த்தபோதும் பொத்தான் இல்லைதான். அத்தகைய மடிக்கணிப்பொறித் திரை குறுக்கே 1366 புள்ளிகளும் நெடுக்கே 768 புள்ளிகளும் கொண்டது. கீழே ஒரு பட்டையும் மேலே உலாவியின் தலைப்பும் இடம்பிடித்துக்கொண்டால், நெடுக்கில் எஞ்சுவது அறுநூற்றுச் சொச்சமே. சாளரமோ அதைவிட உயரமாக அமைக்கப்பட்டிருந்தது. உள்ளே உருட்டிப் பார்க்கவும் வழி வைக்கவில்லை. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு, கழித்தற்குறி உள்ள விசையை மூன்று முறை தட்டினோம். எழுத்துகள் சிறுத்தன, சாளரம் சுருங்கிற்று, பொத்தான் வெளிவந்தது. மூன்று தட்டு! அதனை அறியாத காரணத்தால் ஓராண்டு உதவித்தொகை போக இருந்தது. அவ்வமைப்பின் பெயரை இங்கு எழுதப்போவதில்லை. இக்குறை அவர்களிடம் மட்டும் உள்ளதன்று.

மாறாத அளவு என்பது ஒருகாலத்தில் குற்றமாகவே இருக்கவில்லை. 1928இல் ஐ.பி.எம். நிறுவனம் 80 பத்திகள் கொண்ட துளையட்டையைக் கொண்டுவந்தது. அந்த எண்பது, அட்டை மறைந்த பின்னும் மறையவில்லை. 1978இல் வெளிவந்த வி.டி. 100 என்னும் புகழ்பெற்ற முனையத்தின் திரையிலும் வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 24 வரி. புதுதில்லியில் 1985இல் கணிப்பொறி முன்பதிவு தொடங்கி நாடெங்கும் பரவியபோது, முன்பதிவு முகப்புகளில் வீற்றிருந்தவையும் எழுத்துகளை மட்டும் காட்டும் முனையங்களே. எல்லா முகப்பிலும் ஒரே வகைத் திரை இருக்குமானால், ஒரே அளவில் கட்டம் போடுவது அறிவுடைமைதான். இன்று கைக்குள் அடங்கும் திரையும் சுவரளவு திரையும் ஒரே படிவத்தைத் திறக்கின்றன. காலம் மாறிற்று, பழக்கம் மாறவில்லை.

இரயில் முன்பதிவுப் படிவத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள், பெயர் எழுதும் இடத்தில் 15 எழுத்துக்கு மேற்படலாகாது என்ற குறிப்பைக் கண்டிருப்பர். மீனாட்சிசுந்தரம் என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 17 எழுத்து. பதினைந்தில் வெட்டினால் அவர் 'மீனாட்சிசுந்தர்' ஆகிவிடுகிறார். மதுரைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வடநாட்டுக்காரராக வண்டியேறுவது இப்படித்தான்.

இவ்விடத்தில் தமிழுக்கென்றே உள்ள இடர்ப்பாடு ஒன்றைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். விண்டோசு என்னும் இயக்க அமைப்பில், கேள்வி கேட்டு விடை பெறும் சிறு சாளரங்களை அளப்பதற்கென்று ஓர் அலகு உண்டு. அதன் அகலத்தைப் பெரிய ஆங்கில எழுத்து 26, சிறிய எழுத்து 26, ஆக 52 எழுத்துகளின் சராசரி அகலத்திலிருந்து கணக்கிடுகின்றனர். ஆங்கிலத்தை அளந்து தைத்த சட்டை அது. அதில் ணகர ஐகாரமும் ஔகாரமும் நுழையவேண்டும். ஐ.பி.எம். நிறுவனம் மொழிபெயர்ப்பாளருக்கு வகுத்த குறிப்பில், பத்து எழுத்துக்கு உட்பட்ட ஆங்கிலச் சொல்லுக்கு இருமடங்கு முதல் மும்மடங்கு வரை இடம் ஒதுக்குமாறு சொல்லியிருக்கிறது. 'சப்மிட்' என்னும் ஆறெழுத்து ஆங்கிலச் சொல்லையும் 'சமர்ப்பிக்கவும்' என்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இதன் நியாயம் விளங்கும்.

இடம் போதாதபோது மென்பொருள் என்ன செய்கிறது? வால்பகுதியை வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைக்கிறது. ஆங்கிலத்துக்கு அதனால் வரும் கேடு குறைவு; அம்மொழியில் 'செய்யாதே' என்பதற்கான மறுப்புச் சொல் முதலிலேயே வந்துவிடும். தமிழிலோ உடன்பாடும் மறுப்பும் தொடரின் இறுதியில் நிற்பவை. 'ரத்து செய்ய வேண்டும்', 'ரத்து செய்ய வேண்டாம்' என்று இரண்டு பொத்தான்களை அடுத்தடுத்து வைத்து, இரண்டையும் நடுவில் வெட்டினால் எஞ்சுவது 'ரத்து செய்ய வே…' என்பதுதான். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் நிற்கும். பயணச்சீட்டைக் காப்பாற்றுவது எது, தொலைப்பது எது என்று எப்படி அறிவது? தமிழில் பயன்படுத்த வேண்டும் என்ற ஆர்வத்தோடு மொழியை மாற்றி வைத்தவர்கள், இரண்டொரு நாளில் மீண்டும் ஆங்கிலத்துக்கே திரும்பிவிடுவதைப் பார்த்திருக்கிறோம். தமிழில் திறமை போதாதென்று சிலர் இதற்குக் காரணம் கற்பிக்கின்றனர். போதாதது தமிழன்று, பெட்டியின் அகலம்.

அகலம் ஒருபுறமிருக்க, உயரத்திலும் தொல்லை உண்டு. நம் எழுத்துகளுக்கு மேலே புள்ளி, கீழே கால். வரியின் உயரத்தை ஆங்கில எழுத்துக்கு ஏற்ப இறுக்கிவைத்தால், மேலே புள்ளி நறுக்கப்பட்டு 'க்' என்பது 'க' ஆகும். கீழே கால் நறுக்கப்பட்டு 'ஏ' என்பது 'எ' ஆகும். குறில் நெடில் வேறுபாடு விளங்குவதற்காக 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் என்று எகர ஏகார வடிவங்களைப் போற்றுகிறோம். கைப்பேசிப் பொத்தான் அதனை ஒரு நொடியில் அழித்துவிடுகிறது.

முதியோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கண்பார்வை மங்கியவர்கள் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்கின்றனர். 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை இருமடங்கு வரை பெரிதாக்கலாம். நல்ல வசதிதான். ஆனால் செயலிக்குள் இருக்கும் சாளரம் விரிந்து கொடுக்காதபோது, பெருத்த எழுத்து பொத்தானை வெளியே தள்ளிவிடுகிறது. எழுத்தைச் சிறிதாக்கினால் பொத்தான் தெரியும், படிக்க முடியாது. பெரிதாக்கினால் படிக்கலாம், பொத்தான் தெரியாது. ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று அளிக்க வேண்டிய ஓய்வூதியர்கள் பேரனையோ கடைக்காரரையோ தேடிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். கடைக்காரரிடம் போனால் கட்டணம் மட்டுமா? வங்கிக் கணக்கு எண்ணும் கடவுச்சொல்லும் அவர் கைக்குப் போகின்றன.

இதற்கு மருந்து இல்லையா என்றால், கண்டுபிடித்து நெடுநாளாயிற்று. 2010 மே 25 அன்று ஈதன் மார்க்காட் என்னும் அமெரிக்கர் ஒரு கட்டுரை வெளியிட்டார். திரையின் அகலத்தைக் கேட்டறிந்து, அதற்கேற்பத் தானே மடங்கி விரியும் பக்கங்களை அமைப்பது எப்படி என்று அதில் விளக்கினார். அம்முறையே இன்று உலகெங்கும் பரவியுள்ளது. 2018இல் வெளிவந்த உலகளாவிய வலை அணுகல் நெறிகளின் 2.1ஆம் பதிப்பு, 320 புள்ளி அகலத்திலும் பக்கம் குறுக்கும் நெடுக்கும் உருட்டாமல் படிக்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்றும், எழுத்தை இருமடங்காக்கினாலும் எதுவும் மறைந்துபோகலாகாது என்றும் வரையறுத்தது. இந்திய அரசு தன் இணையதளங்களுக்கென 2009இல் நெறிமுறை வகுத்தது. அதன் மூன்றாம் பதிப்பு 2023இல் வந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், அமிலவீச்சுக்கு ஆளானோரும் பார்வையிழந்தோரும் தொடுத்த வழக்குகளில், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. 2025 சூனில் வெளியான ஆண்ட்ராய்டு 16, பெரிய திரையுள்ள கருவிகளில், தனக்கென எழுதப்பெற்ற செயலிகள் 'என் அளவை மாற்றாதே' என்று கேட்டாலும் பொதுவாக அதைப் பொருட்படுத்துவதில்லை; விளையாட்டுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. சிறிய கைப்பேசிக்கு இதனால் நேரடிப் பயன் இல்லையென்றாலும், வளையாத சாளரம் எழுதும் பழக்கம் இனியேனும் குறையக்கூடும்.

எல்லாச் சாளரமும் வளைந்தே தீரவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. 'ஆம், இல்லை' என்று இரண்டே சொல் கேட்கும் சிறு கட்டம் ஒரே அளவில் இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. பணமும் காலக்கெடுவும் சார்ந்த படிவங்களை வெளியிடுமுன், அவற்றை அமைத்தவரே ஒரு பழைய கைப்பேசியை எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, தமிழிலும் மலையாளத்திலும் ஒருமுறை முழுதும் நிரப்பிப் பார்க்கவேண்டும் என்றுதான் கேட்கிறோம். அரைமணி நேர வேலை.

அதுவரை நம் வீடுகளில் செய்யத்தக்கவை சில. இணையப் பக்கத்தில் பொத்தான் மறைந்தால், மேலே சொன்ன கன்ட்ரோல், கழித்தற்குறி வழி உதவும். கன்ட்ரோலுடன் சுழியத்தைத் தட்டினால் பழைய அளவு திரும்பும். தனி மென்பொருளின் சாளரம் திரைக்குக் கீழே போயிருந்தால், விண்டோசு அமைப்பில் ஆல்ட் விசையுடன் இடைவெளி விசையைத் தட்டி, வரும் பட்டியலில் 'நகர்த்து' என்பதைத் தேர்ந்து, மேல்நோக்கிய அம்புக்குறி விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் சாளரம் மேலேறும். அதுவும் ஆகாவிடில், அமைப்புகளில் திரையின் திசையை நெடுவாட்டாக மாற்றி, மடிக்கணிப்பொறியைப் புத்தகம்போல் பக்கவாட்டில் நிறுத்திக்கொள்ளலாம். நெடுக்கில் 768 இருந்த இடத்தில் 1366 கிடைக்கும். டேப் விசையைத் தட்டித் தட்டிக் காணாத பொத்தானுக்குப் போய் என்டர் கொடுப்பாரும் உளர். கண்ணுக்குத் தெரியாத பொத்தானை அழுத்துவது நமக்குச் சம்மதமில்லை. 'அழித்துவிடு' என்பதும் அங்கேதான் இருக்கக்கூடும். கைப்பேசியில் எழுத்தளவைச் சற்று நேரம் குறைத்து, வேலை முடிந்ததும் பழையபடி வைக்கலாம்.

வேலை முடிந்துவிட்டதென்று அத்தோடு விட்டுவிடாமல், அந்தச் சேவையை நடத்துவோருக்கு ஒரு முறையீடு அனுப்பவேண்டும். மத்திய அரசுத் துறையாயின் அதற்கென்றே மக்கள் குறைதீர்ப்பு இணையதளம் இருக்கிறது. 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் பயன் இராது. எந்தக் கருவி, திரையின் புள்ளி அளவு என்ன, எழுத்தளவு எவ்வளவு, எந்த மொழியில் திறந்தோம், எந்தப் பக்கத்தில் எந்தப் பொத்தான் மறைந்தது என்பவற்றை எழுதி, திரையின் படத்தையும் சேர்க்கவேண்டும். இவ்வளவும் இருந்தால், அதைத் திருத்தவேண்டிய பொறியாளர் தம் மேசையிலேயே அக்குறையை மீண்டும் உண்டாக்கிப் பார்க்க இயலும்.

தமிழில் வெட்டுப்பட்டு நிற்கும் பொத்தான்களைக் கண்ட அன்பர்கள் அவற்றின் படங்களை இதழுக்கு அனுப்பினால், ஒன்றாகத் தொகுத்து உரியவர்களுக்கு எழுத எண்ணியிருக்கிறோம். அனுப்புமுன், படத்தில் ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கு எண்ணோ தெரியாதவாறு மறைத்து அனுப்புமாறு வேண்டுகிறோம்.