மரத்துக்கும் மூச்சு வேண்டும்

வெள்ளவத்தையிலே கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கையொன்றில் நாம் குடியிருக்கிறோம். சென்ற மழைக்காலம் முடிந்ததும் முன்னறை யன்னலைத் துடைக்கப்போன என் மனைவியின் விரல், அதன் அடிக்கட்டைக்குள்ளே பொதுக்கென்று புதைந்துவிட்டது. மேற்பூச்சோ கண்ணாடிபோற் பளபளத்துக்கொண்டிருந்தது! மழைக்குக் காப்பாகட்டுமென்று ஈராண்டுக்கு முன் நானே முன்னின்று மூன்று முறை பூசுவித்த வர்ணம் அது. மூலை வெடிப்பொன்றினூடே புகுந்த நீர், அப்பூச்சினாலேயே வெளியேற வழியின்றி அகப்பட்டுக்கொண்டது. காப்பே சிறையாயிற்று.

இச்சிறு பாடத்திலே பெரியதொரு கட்டடக்கலை அடங்கியிருக்கிறது. மேனாடுகளில் இப்பொழுது பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பசையிட்டு ஒட்டிய கனத்த மரப்பாளங்களால் மாடிகளை எழுப்புகிறார்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2022ஆம் ஆண்டில் நிறைவுற்ற 'அசென்ற்' என்னும் 25 மாடிக் கட்டடத்தின் மேல்மாடிகள் மரத்தாலானவையே.

"மரம் உக்கிப்போகாதோ?" என்று நீங்கள் கேட்கலாம். மரத்தை உக்கச் செய்வது வயதன்று, ஈரமே. மரத்திலுள்ள நீர் அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்கிற்குக் கீழே நிற்கும்வரை, உக்கச்செய்யும் பூஞ்சணம் அதிலே வளர்வதில்லை. ஆகவே கட்டுவோன் கடமை நான்கு: மழையை எட்ட நிறுத்துதல், மீறி வந்ததை வடியவிடுதல், எஞ்சியதை உலரவிடுதல், நனையக்கூடிய இடத்திலே வைரமுள்ள மரத்தையே வைத்தல்.

கண்டியிலுள்ள 'மகுல் மடுவ' என்னும் அரச மண்டபத்தைப் பாருங்கள். இராசாதிராசசிங்க மன்னன் காலத்தில், 1783இல் தொடங்கப்பட்ட மரமண்டபம் அது. 1815இல் கண்டி உடன்படிக்கை ஒப்பமிடப்பட்டதும் அங்கேதான். அகன்று தாழ்ந்த ஓட்டுக்கூரை மழையைத் தடுக்கிறது. சுவரற்ற பக்கங்களிற் புகுந்து வீசும் காற்று ஈரத்தைப் போக்குகிறது. யாழ்ப்பாணத்து வீடுகளின் தாழ்வாரமும் தூணடிக் கல்லும் உணர்த்துவதும் இதனையே.

ஆனால் ஓர் எச்சரிக்கை. குளிர்நாட்டிலே வீட்டினுள்ளேயுள்ள வெப்பக் காற்றின் நீராவி வெளிநோக்கிச் செல்லும். ஆதலால் சுவரின் உட்புறத்திலே ஆவி புகாத தாளொன்றை இடுவார்கள். கொழும்பிலோ, குளிரூட்டிய அறைக்கு வெளியேதான் வெப்பமும் ஈரமும் மிகுதி. நீராவி உள்நோக்கி வரும். குளிர்நாட்டு முறையை அப்படியே இங்கு கையாண்டால், அத்தாளின் பின்னே ஆவி குளிர்ந்து நீராகி, மரத்தை மறைவாக நனைத்துக்கொண்டேயிருக்கும். கனத்த பாளம் நனைந்துவிட்டால் எளிதில் உலர்வதில்லை. ஆகையால் இங்கே ஆவித்தடுப்பு வெளிப்புறத்திலே அமையவேண்டும். உட்புறம் உலரத்தக்கதாக இருக்கவேண்டும். வெளிப்பலகைக்குப் பின்னே நீர் வடியவும் காற்றோடவும் சிறு இடைவெளியும் வேண்டும். நாளைய பொறியியலாளராகிய மாணவர்கள் இதனை மனத்திருத்துவார்களாக. பிறநாட்டு வரைபடத்தோடு அந்நாட்டு வானிலை கப்பலேறி வருவதில்லை.

எங்கள் யன்னலுக்கு வருவோம். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த முதிய தச்சர், புதிய அடிக்கட்டையை வெளிப்புறம் சற்றே சரித்து இழைத்தார். நீர் பின்னோக்கி ஊராமற் சொட்டிவிழுவதற்காக, அதன் கீழ்ப்புறத்திலே நீளக் காடியொன்றும் வெட்டினார். "இன்னும் தடிப்பாக வர்ணம் பூசுவோமா?" என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார்.

"தண்ணீரை மறிக்கப் பார்க்காதீர்கள், ஐயா. அது போக வழி விடுங்கள்" என்றார்.