மதுரைக்கு ஒருநாள் டூர்: ஏழு இடம் எதற்கு, நாலு தெரு போதுமே!

திருப்பூரில் வேலை பார்ப்பவருக்கு வாரத்தில் மிஞ்சுவது ஒரே ஒரு ஞாயிறு. ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிட்டால் அதுவும் பாதிதான். மீதி ஆறு நாளும் சாம்பிள், கட்டிங், செக்கிங், பேக்கிங் என்று போய்விடும். மெர்ச்சண்டைசராக இருந்தாலும் சரி, ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் டெய்லராக இருந்தாலும் சரி, கதை ஒன்றுதான். அதனால்தான், “எங்கயாச்சும் ஒருநாள் போயிட்டு வந்துரலாமுங்க” என்று யாராவது வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் மறுநாளே வேன் பேசி முடித்துவிடுகிறோம்.

அந்த வேனின் பட்டியலைப் பாருங்கள். மதுரை என்றால் மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், திருப்பரங்குன்றம், அழகர் கோயில், தெப்பக்குளம், காந்தி மியூசியம், கூடவே கீழடி. மொத்தம் ஏழு இடம். அதிகாலை 3 மணிக்குக் கிளம்பி, நள்ளிரவு தாண்டி வீடு திரும்பி, திங்கள் காலை 8.30-க்குக் கம்பெனியில் நிற்க வேண்டும். “மதுரை எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் பதில் என்ன வரும்? “செம டிராஃபிக்குங்க!”

கணக்கு எங்கே இடிக்கிறது?

திருப்பூரிலிருந்து தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக மதுரை சுமார் 180 கி.மீ. போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் எட்டு மணி நேரம் சாலையிலேயே போய்விடுகிறது. மிச்சமிருக்கும் நேரத்தில் ஏழு இடம் என்றால், ஊருக்குள்ளும் ஊரைச் சுற்றியும் மறுபடி வேன்தான். பார்க்கிங் தேட அரை மணி நேரம். ஆளுக்கொரு பக்கம் போனவர்களைக் கூட்டிச் சேர்க்க இன்னொரு அரை மணி நேரம். போதாததற்கு, மீனாட்சி அம்மன் கோயில் நடை மதியம் சுமார் 12.30-க்குச் சாத்தினால் 4 மணிவாக்கில்தான் திறக்கும். இது தெரியாமல் 12.45-க்குப் போய் நிற்கும் வேன்கள் எத்தனையோ!

என் கருத்து இதுதான்: ஒருநாள் பயணமாக மதுரைக்குப் போகிறவர்கள் கோயிலைச் சுற்றியுள்ள பழைய நகரத்தை மட்டும் நடந்து பார்த்துவிட்டுத் திரும்புவது நல்லது. பட்டியலில் ஐந்து இடம் குறையும்; பார்த்தது மனதில் நிற்கும். நம் ஊரிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் இறங்கி, வண்டி இல்லாமல் சுற்றிப் பார்க்க மதுரையைப் போல் வசதியான பழைய ஊர் வேறு இல்லை என்றே சொல்வேன். காரணம், அதன் தெருக்கள்.

தெருப் பெயரே மேப்

மதுரையின் நடுவில் கோயில். மதிலுக்கு உள்ளே ஆடி வீதிகள். வெளியே வந்தால் சித்திரை வீதிகள். அதற்கு அடுத்த சுற்று ஆவணி மூல வீதிகள், அதற்கு வெளியே மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கு பக்கம். இதைப் புரிந்துகொண்டால் போனை எடுத்து மேப் பார்க்கவே வேண்டாம். “மேல மாசி” என்றால் கோயிலுக்கு மேற்கே மூன்றாவது சுற்று. அவ்வளவுதான்.

ஒரு சந்தேகம் வரும்: சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். அப்புறம் ஏன் அதற்கு மாசி என்று பெயர்? மீனாட்சி கல்யாணமும் தேரோட்டமும் முன்பு மாசி மாதம் நடந்தன என்றும், திருமலை நாயக்கர்தான் அவற்றைச் சித்திரைக்கு மாற்றினார் என்றும் சொல்கிறார்கள். விழா மாறியது, தெருப் பெயர் மாறவில்லை.

மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் இடையில் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று இரண்டு பெயர்கள் தட்டுப்படும். மதுரையைச் சுற்றி ஒரு கோட்டை இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடித்து நகரை விரிவாக்கினார். அந்த வேலையில் இருந்த சர்வேயரின் பெயரும் மேஸ்திரியின் பெயரும்தான் இவை. பிளாக்பர்ன் நினைவாக நிற்பதுதான் விளக்குத்தூண். கலெக்டருக்கு ஒரு தூண், மேஸ்திரிக்கு ஒரு தெரு. வேலை செய்தவரின் பெயர் தெருவுக்கு இருப்பது எத்தனை ஊரில் நடக்கும்?

சரி, எப்படி பிளான் போடுவது?

முதல் முடிவு, எப்போது கிளம்புவது என்பது. ரயில் ஈரோடு, கரூர் சுற்றித்தான் மதுரைக்குப் போகும். எனவே தாராபுரம் வழி பஸ்தான் நேர்வழி. சனிக்கிழமை மாலையே வேலை முடிகிறவர்கள் அன்றே கிளம்பிவிடுங்கள். பஸ் ஆரப்பாளையத்தில் இறக்கிவிடும். ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவே டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன. கோயில் அங்கிருந்து நடக்கிற தூரம். நான்கைந்து பேர் சேர்ந்து அறை எடுத்தால் ஆளுக்கு ஆகும் செலவு வேன் வாடகைப் பங்கை விடப் பெரிதாக இருக்காது. அந்தப் பணத்துக்கு நமக்குக் கிடைப்பது மதுரையின் ஒரு முழுக் காலைப்பொழுது. சனி இரவு 8.30 வரை ஷிப்ட் இருக்கிறவர்கள் ஞாயிறு விடியுமுன் பஸ் பிடித்தால் எட்டு, எட்டரைக்குள் இறங்கிவிடலாம்.

காலை 6 மணி: கோயில். போனை அறையிலேயே வைத்துவிடுங்கள். 2018 பிப்ரவரி தீ விபத்துக்குப் பிறகு பக்தர்கள் உள்ளே செல்போன் கொண்டுபோக அனுமதி இல்லை. அது நல்லதற்குத்தான் என்பது பொற்றாமரைக் குளத்துப் படியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் தெரியும். அங்கிருந்து தெற்குக் கோபுரம் முழுதாகத் தெரிகிறது. ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் இருக்கின்றன. எண்ணிப் பார்க்க வேண்டாம், நடுவில் நின்று வரிசையைப் பாருங்கள்.

சாமி கும்பிடாதவர்களுக்கும் இந்த வாசல் முக்கியம். 1939 ஜூலை 8 அன்று, அதுவரை அனுமதி மறுக்கப்பட்டிருந்த ஒடுக்கப்பட்ட சமூகத்தினரை அழைத்துக்கொண்டு அ.வைத்தியநாத ஐயர் இந்தக் கோயிலுக்குள் நுழைந்தார். பிற்காலத்தில் அமைச்சரான கக்கனும் அன்று உடன் சென்றார். இன்று ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்காருகிற நாம் எல்லோரும் சேர்ந்து யாரும் கேள்வி கேட்காமல் உள்ளே போய் வருகிறோம் என்றால், அதற்குப் பின்னால் இப்படி ஒரு நாள் இருக்கிறது.

காலை 8.30: கிழக்குப் பக்கம். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபம். பல பத்தாண்டுகளாக அதன் தூண்களுக்கு இடையில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. தையல்காரர்கள், பாத்திரக் கடைகள், புத்தகக் கடைகள் என்று ஒரு முழு பஜார். மண்டபத்தைப் பாதுகாப்பதற்காக அந்தக் கடைகள் பக்கத்தில் இருக்கும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. அங்கேயும் எட்டிப் பாருங்கள். அடுத்து, மேற்புறம் எழும்பாமல் நின்றுபோன ராயகோபுரம். முடிந்திருந்தால் எவ்வளவு உயரம் வந்திருக்கும் என்று அடித்தளத்தைப் பார்த்தே ஊகிக்கலாம்.

காலை 9.30: விளக்குத்தூண், பத்துத்தூண், மகால். கோயிலிலிருந்து மகால் ஒரு கிலோமீட்டர்தான். விளக்குத்தூண் பக்கம் முழுக்கத் துணிக்கடை. நம்மவர்களுக்குக் கைகள் தானாகவே துணியைத் தொட்டு ஜிஎஸ்எம் பார்க்கும். தப்பில்லை. இந்தப் பகுதியில் சௌராஷ்டிர மக்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அவர்கள் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒவ்வொரு புள்ளியும் கையால் போட்ட ஒரு முடிச்சு. சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் ஒரே லாட்டாகச் சாயம் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை மற்றவர்களை விட நன்றாகவே புரியும்.

கடைகளுக்கு நடுவில் ஒரு சந்துக்குள் பத்துத் தூண்கள் தனியாக நிற்கும். நாயக்கர் அரண்மனை எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்கு அவை சாட்சி. 1636-ல் கட்டிய மகாலில் இன்று நாம் பார்ப்பது மூலக் கட்டிடத்தின் சுமார் நான்கில் ஒரு பங்குதான் என்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் அந்தத் தூண்கள் இன்னும் பெரிதாகத் தெரியும்.

மதியம்: ஓய்வு. வெயிலில் வீரம் காட்ட வேண்டாம். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்துவிட்டு, சாப்பிட்டு, அறைக்குப் போய்ப் படுங்கள். தெருவோரம் பருத்திப்பால் கண்ணில் பட்டால் விடாதீர்கள். பருத்தியை நூலாகவும் துணியாகவும் மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு, பருத்திக் கொட்டையிலிருந்து இப்படி ஒரு ருசி வரும் என்பதே ஆச்சரியம்தான்.

மாலை 4 மணி: மேல மாசி வீதி. திருப்பூரிலிருந்து போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் சொல்வது இதைத்தான். 1921 செப்டம்பர் 22 அன்று, இந்தத் தெருவில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்தபோதுதான் காந்தி மேல்சட்டையை விட்டு முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். ஏழைகள் கதர் வாங்க முடியாத நிலையைப் பார்த்து எடுத்த முடிவு அது. ‘ஒரு மனிதனுக்கு எவ்வளவு துணி வேண்டும்?’ என்ற கேள்வி எழுந்த வீடு. 1920-களில் கதருக்குப் பெயர்பெற்ற ஊர் திருப்பூர். 1932-ல் கொடியை விடாமல் உயிரைவிட்ட குமரன் பெயரில் நம் ஊரில் முக்கியச் சாலையே இருக்கிறது. இரண்டு ஊருக்கும் உள்ள உறவு இந்த மாடிப்படியில்தான் புரியும். கீழே கதர் கடை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பூட்டியிருந்தால் தெருவில் நின்று பார்த்தாலும் போதும்.

மாலை 6 மணிக்கு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் இரவு பத்தரைக்குள் வீடு. மொத்தம் நடந்தது ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும்.

“வயசானவங்க எப்படி நடப்பாங்க?”

நியாயமான கேள்வி. அம்மா, அப்பா, கைக்குழந்தையோடு போகிறவர்களிடம் நட என்று சொல்வது சுலபம். ஆனால் ஏழு இடத்துக்கும் வேனில் ஏறி இறங்குவதும் அவர்களுக்குக் கஷ்டம்தான். கோயில், மகால் இரண்டு மட்டும் போதும் என்று முடிவெடுத்து, நடுவில் ஒரு ஆட்டோ வைத்துக்கொண்டால் மூட்டு வலிக்காரருக்கும் அது நல்ல நாளாக இருக்கும். திருப்பரங்குன்றமும் கீழடியும் எங்கும் ஓடிவிடாது. கீழடிக்கு அரைநாளாவது ஒதுக்க வேண்டும். அதை வேனில் இருந்து இறங்கி இருபது நிமிடத்தில் பார்ப்பது அந்த மண்ணுக்கே மரியாதை இல்லை.

மதுரையும் ஒன்று செய்ய வேண்டும்

நடக்கச் சொல்கிறேனே, நடக்க இடம் இருக்கிறதா? சித்திரை வீதிகளில் இருக்கிறது. அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. குழந்தைகள் ஓடுகின்றன, பாட்டிகள் நடு ரோட்டில் உட்கார்ந்து கோபுரத்தைப் பார்க்கிறார்கள். அந்த நிம்மதி அடுத்த சுற்றிலேயே முடிந்துவிடுகிறது. மாசி வீதியிலும் விளக்குத்தூணிலும் நடைபாதை பைக்குக்கும் சரக்கு மூட்டைக்கும் போய்விட்டது. இதைவிடப் பெரிய பிரச்சினை கழிப்பறை. சுத்தமான பொதுக் கழிப்பறை எங்கே என்று தெரியாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் ஊர் சுற்றும் பெண்களை எந்தச் சுற்றுலாக் குழுவிலும் பார்க்கலாம். பெண்கள் பெருவாரியாக வேலை செய்யும் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பையரைப் பார்க்க ஐரோப்பா போய் வந்த திருப்பூர்க்காரர்களைக் கேளுங்கள். ஃப்ளோரன்ஸ் போன்ற இத்தாலிய நகரங்களில் பழைய மையப் பகுதிக்குள் வெளி வண்டிகள் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. அங்கே தெருத் தெருவாக நடந்து போட்டோ போடுகிற நாம், மதுரையில் மட்டும் கோபுர வாசல் வரை வேன் போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஞாயிறு காலை 6 முதல் 10 வரை மட்டும், கிழக்குக் கோபுரத்திலிருந்து விளக்குத்தூண் வழியாக மகால் வரை வண்டிகளை நிறுத்திப் பார்க்கலாம். துணிக்கடைகள் பெரும்பாலும் திறக்காத நேரம் என்பதால் வியாபாரத்துக்கு அதிக இடைஞ்சல் இல்லை. நடக்க முடியாதவர்களுக்கு இரண்டு பேட்டரி கார், வழியில் மூன்று கழிப்பறை, தமிழில் நாலு வழிகாட்டிப் பலகை போதும். மாநகராட்சியும் போக்குவரத்து போலீஸாரும் நினைத்தால் ஒரே மாதத்தில் சோதித்துப் பார்த்துவிடலாம்.

அதுவரை நாம் செய்யக்கூடியது, அடுத்த முறை குழுவில் பட்டியல் வரும்போது ஐந்து இடத்தை அடிப்பது. சித்திரைத் திருவிழா சமயத்தைத் தவிர்த்துவிடுங்கள்; அது தனிப் பயணம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் பரவாயில்லை. நல்ல செருப்பு, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு தொப்பி. திங்கள் காலை கம்பெனிக்குத் தூக்கக் கலக்கம் இல்லாமல் போகலாம்.